ரெண்டு கிட்டார், டிரம்ஸ் கிடையாது: ரோட்ரிகோ இ காப்ரியேலா பற்றிக் கேள்வி பதில்

போன வாரம் நம்ம வேலூர் கிட்டார் குழுவில் ஒரு தம்பி காணொளி ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். ஒரு ஆண், ஒரு பெண், ஆளுக்கொரு கிட்டார், பின்னால் வேறு யாரும் இல்லை. மெக்சிகோக்காரர்களான ரோட்ரிகோ இ காப்ரியேலா. அன்றிலிருந்து என் போனுக்கு ஓய்வில்லை. பாதிப் பேர் "இது என்ன வகை?" என்கிறீர்கள், மீதிப் பேர் "இதை எப்படி வாசிக்கிறது?" என்கிறீர்கள். மெட்டல் என்ற அதிரடி ராக் பேண்டில் கை தேய்ந்த பிறகு கிட்டார் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவன் நான். தனித்தனியாகப் பதில் போட்டு மாளாது, இங்கேயே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

காட்பாடியிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்: மாஸ்டர், ஹாஸ்டலில் எல்லாரும் இதை ஃபிளமெங்கோ என்கிறார்கள். சரிதானா?

இல்லை தம்பி. நைலான் கம்பி போட்ட கிட்டாரை வேகமாக வாசித்தாலே ஃபிளமெங்கோ என்று பெயர் வைத்துவிடுகிறோம். ஃபிளமெங்கோ ஸ்பெயினின் தெற்கே, ஆண்டலூசியாவில் பிறந்தது. அதற்கென்று தாளக்கட்டு இருக்கிறது, பன்னிரண்டு அடிச் சுற்றுகள் இருக்கின்றன, பாட்டும் ஆட்டமும் கூடவே வரும். இவர்கள் அந்தக் கட்டுக்குள் வாசிப்பவர்கள் இல்லை. அவர்களே பேட்டிக்குப் பேட்டி "நாங்கள் ஃபிளமெங்கோ இல்லை" என்று சொல்லிச் சலித்துவிட்டார்கள்.

ரோட்ரிகோ சான்செஸ், காப்ரியேலா கின்டெரோ ரெண்டு பேரும் மெக்சிகோ சிட்டியில் வளர்ந்தவர்கள். டியெரா ஆசிடா என்ற திராஷ் மெட்டல் (வேகம் கூடிய மெட்டல்) பேண்டில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அது எங்கும் போய்ச் சேராததால் 1999-ல் அயர்லாந்துக்குக் கிளம்பிப் போய், டப்ளின் நகரத்தின் கிராஃப்டன் தெருவில் நின்று வாசித்தார்கள். தெருவில் ஆம்ப்ளிஃபயரை இழுத்துக்கொண்டு திரிய முடியாது, டிரம்ஸும் வைக்க முடியாது. கையில் இருப்பது அக்கூஸ்டிக் கிட்டார், காதில் இருப்பது மெட்டல். நடந்து போகிறவனை நிறுத்த வேண்டும், தாளமும் வேண்டும். அந்த நெருக்கடியில் பிறந்த வாசிப்பு இது. 2006-ல் ஜான் லெக்கி தயாரித்த அவர்களுடைய ஆல்பம் அயர்லாந்துப் பட்டியலில் நேராக முதல் இடத்துக்குப் போனது. பாட்டே இல்லாத, வெறும் வாத்திய ஆல்பம்!

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் நண்பர்: சார், டிரம்ஸ் சத்தம் தெளிவாகக் கேட்குது. பின்னாடி டிராக் ஓட்டுறாங்களா?

ஓட்டவில்லை. அந்த டிரம்ஸ் காப்ரியேலாவின் வலது கை. இந்த ஜோடியில் எல்லாரும் ரோட்ரிகோவின் விரலைப் பார்க்கிறார்கள், நான் என் மாணவர்களிடம் அந்தம்மாவின் கையைப் பார் என்பேன். ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டு வெறும் கையை மட்டும் பாருங்கள், புரியும்.

அந்தக் கையில் மூன்று வேலை நடக்கிறது. உள்ளங்கையின் அடிப்பகுதி கிட்டாரின் முன்பலகையைத் தட்டுகிறது. உள்ளே வெற்றிடம் இருப்பதால் "தும்" என்று கனமாக ஒரு சத்தம் வரும், அதுதான் பேஸ் டிரம். விரல்களை விரித்துக் கம்பிகளின் மேல் அறைந்தால் கம்பி, கிட்டார் கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் மோதி "டப்" என்று வெட்டும், அது ஸ்னேர் என்ற சின்ன டிரம். இந்த ரெண்டுக்கும் நடுவில் நகத்தால் மேலும் கீழும் வாரிக்கொண்டே, பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும் கார்டும் வாசிக்கிறார். இடது கை சும்மா இருக்காது. கார்டைப் பிடித்த அழுத்தத்தைச் சட்டென்று தளர்த்திக் கம்பியை ஊமையாக்குகிறது. அப்படி ஊமையான கம்பியை வாரும்போது வரும் "சிக் சிக்" சத்தம் டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தட்டான ஹைஹேட் மாதிரி ஓடும்.

மேடையில் இந்த மரச் சத்தம் வெளியே வர கிட்டாருக்கு உள்ளேயே சத்தத்தைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் வைத்து, அடித்தொனியைத் தூக்கிவிடுவார்கள். நம் வீட்டில் அதே மாதிரி தட்டினால் அத்தனை கனம் வராது. கையில் குறை என்று நினைக்க வேண்டாம்.

குடியாத்தம் தம்பி: இன்னா மாஸ்டர், எனக்கு இதைக் கேட்டா நம்மூர் சிரசுக்கு அடிக்கிற பம்பை ஞாபகம் வருது. சொன்னா சிரிக்கிறாங்க.

சிரிக்கிறவர்களை விடு. நீ சரியாகத்தான் கேட்டிருக்கிறாய். வைகாசி ஒண்ணாம் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் பம்பைக்காரர் அடிப்பதைக் கிட்ட நின்று கேட்டவனுக்கு இந்த வாசிப்பு சீக்கிரம் பிடிபடும். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் கணீர், நடுவில் ஓயாத ஓட்டம். காப்ரியேலா நான்கு அடித் தாளத்தின் மேல் மூணு மூணாகப் பிரித்து வாரும் இடங்கள் உண்டு. நம் கணக்கில் திஸ்ர நடை. நம்ம குத்துக்கும் அதே மூணுதானே. மெக்சிகோவுக்கும் குடியாத்தத்துக்கும் உறவு இருக்கிறது என்று கதை கட்ட மாட்டேன். தோலோ மரமோ, கையால் அடித்துக் கூட்டத்தை நகர்த்த வேண்டும் என்று வந்துவிட்டால் போய்ச் சேருகிற இடம் பக்கம் பக்கமாகத்தான் இருக்கும்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர்: மெட்டல் என்றால் தொண்டை கிழியக் கத்துவது என்று என் பேரன் காட்டினான். இதில் அது எங்கே இருக்கிறது?

ஐயா, கத்தல் மெட்டலின் ஒரு ஓரம்தான். மெட்டாலிகா என்ற மெட்டல் பேண்ட் 1986-ல் வெளியிட்ட 'ஓரையன்' எட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும், அதில் ஒரு வரி பாட்டு கிடையாது. அதையே இந்த ரெண்டு பேரும் 2006 ஆல்பத்தில் வாசித்திருக்கிறார்கள். பேரனை மூலத்தைப் போடச் சொல்லி, அடுத்து இதைப் போடச் சொல்லுங்கள். மெட்டலில் "டக் டகட டக் டகட" என்று குதிரை ஓடுகிற தாளம் ஒன்று உண்டு, கேலப் என்போம். உள்ளங்கை ஓரத்தை, முன்பலகையில் கம்பிகளைக் கட்டியிருக்கும் கட்டையான பிரிட்ஜில் வைத்துக் கம்பியைப் பாதி அடக்கி வாசிப்பது பாம் மியூட். இந்த ரெண்டும் இவர்களிடம் நிறைய இருக்கிறது. பேரனுக்கும் உங்களுக்கும் ஒரே வீட்டில் சமாதானம் ஆக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சத்துவாச்சாரி, சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கும் சகோதரர்: என்னிடம் ஸ்டீல் கம்பி கிட்டார் இருக்கிறது. அதிலேயே பழகலாமா? இல்லை, வீட்டில் கிடக்கும் பழைய கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டலாமா?

ரெண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன்: மாட்டவே மாட்டாதீர்கள் பிரதர். நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் இழுவை சுமார் 40 கிலோ. ஸ்டீல் கம்பிகள் 70 கிலோவைத் தாண்டும். கிளாசிக்கல் கிட்டாரின் பலகை அதற்குச் செய்ததில்லை. முதலில் முன்பலகை வயிறு தள்ளும், அப்புறம் ஒரு நாள் பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வரும்.

ஸ்டீல் கிட்டாரில் தாளம் தட்டிப் பழகலாம். ஆனால் நகத்தால் வேகமாக வாரும்போது ஸ்டீல் நகத்தைத் தின்றுவிடும், விரல் நுனியும் கிழியும். கம்பிகளுக்கு நடுவே இடமும் குறைவு. கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் துண்டுதான் நட்; கிளாசிக்கலில் அதன் அகலம் சுமார் 52 மில்லிமீட்டர், ஸ்டீலில் சுமார் 43. அந்தப் பழைய கிளாசிக்கல் கிட்டாரையே நைலான் கம்பி போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவதென்றால் யமஹா சி40 போன்ற ஆரம்ப மாடலே போதும். அடிக்கும்போது விரல் முட்டியால் இடிக்க வேண்டாம், உள்ளங்கைச் சதையால் அடியுங்கள். சதை அடித்தால் சத்தம், எலும்பு அடித்தால் விரிசல். ஞாயிறு ஆராதனையில் இந்த வாசிப்பை இறக்குவதற்கு முன்னால் கொயர் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பழி என் மேல் வரக்கூடாது.

வாலாஜாவிலிருந்து வீணை மாணவி: அண்ணா, சில இடங்களில் தோடி மாதிரியும் கீரவாணி மாதிரியும் கேட்கிறது. அவர்களுக்கு நம் ராகம் தெரியுமா?

ராகமாக வாசிக்கவில்லைம்மா, ஸ்கேலாக வாசிக்கிறார்கள். ஸ்வர வரிசை பொருந்துவதால் உன் காது அப்படிப் பிடிக்கிறது. மேற்கில் ஹார்மோனிக் மைனர் என்பதன் ஸ்வரங்கள் நம் கீரவாணி. நேச்சுரல் மைனர் என்றால் நடபைரவி. ஃப்ரிஜியன் என்பது ஹனுமத்தோடி, அதில் சாதாரண காந்தாரத்தை எடுத்துவிட்டு அந்தர காந்தாரம் வைத்தால் வகுளாபரணம். மெட்டல்காரர்களுக்கும் ஸ்பானிஷ் கிட்டார்காரர்களுக்கும் இந்த ஃப்ரிஜியன் குடும்பம் உயிர். ஷட்ஜத்துக்கு ஒட்டினாற்போல் சுத்த ரிஷபம் நிற்கும்போது ஒரு இறுக்கம் வருகிறதே, அதற்காகத்தான். ஆனால் கமகம் இல்லாத தோடி தோடி ஆகாது என்று உன் டீச்சர் சொன்னால் அவர் பக்கம்தான் நான்.

நம்ம பக்கத்துக்கு அவர்கள் காது திறந்திருப்பது மட்டும் உண்மை. 2009-ல் வந்த '11:11' ஆல்பத்தில் பதினோரு உருப்படி, ஒவ்வொன்றும் தங்களைப் பாதித்த ஒரு கலைஞருக்குக் காணிக்கை. முதல் உருப்படிக்குப் பெயர் 'ஹனுமான்', காணிக்கை கிட்டார் கலைஞர் கார்லோஸ் சந்தானாவுக்கு. 2023-ல் வந்த ஆல்பம் அத்வைத வேதாந்தச் சிந்தனையிலிருந்து கிளம்பியது. மைக் முன்னால் கிட்டாரும் நம் கர்நாடக இசையும் உண்மையாகவே மோதுவதைக் கேட்க ஆசையென்றால் எழுபதுகளில் இங்கிலாந்து கிட்டார்காரர் ஜான் மெக்லாக்ளின் நடத்திய சக்தி குழுவுக்குப் போ. எல்.சங்கரின் வயலின், விக்கு விநாயக்ராமின் கடம், ஜாகிர் உசேனின் தபலா. வீணைக்காரிக்கு அங்கே தீனி அதிகம்.

பாகாயத்திலிருந்து ஒரு அம்மா: என் பொண்ணுக்கு பத்து வயசு. இதைப் பார்த்துட்டு கிட்டார்தான் வேணும்கிறா. சின்னக் கை, தாங்குமா சார்?

தாராளமாகத் தாங்கும்மா. முக்கால் அளவு நைலான் கிட்டார் வாங்கிக் கொடுங்கள். நைலான் என்பதால் விரல் வலியும் குறைவு. முதல் ஆறு மாசம் சாதாரணப் பாடம் போகட்டும், தட்டுவது பிறகு. அவள் பார்த்து ஆசைப்பட்டது ஒரு பெண் வாசிப்பதை. கிட்டார் கிளாசுக்கு வரும் பிள்ளைகளில் பெண்கள் குறைவாக இருக்கும் ஊரில் அது பெரிய விஷயம், அணைத்துவிடாதீர்கள்.

அதே காட்பாடி மாணவர்: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

2006 ஆல்பத்தின் முதல் உருப்படி 'தமாகுன்'. முதலைகளைக் காப்பாற்றும் ஒரு உள்ளூர்க்காரர் பெயரை வைத்தது. அதைக் கேட்டுவிட்டு அதிலேயே 'இக்ஸ்தாபா', ஹங்கேரிக்காரரான ரோபி லகாதோஸ் வயலினோடு சேருவார். அடுத்து '11:11'. 2012-ல் கியூபா இசைக்குழுவோடு பண்ணிய 'ஏரியா 52' பலருக்குப் பிடிக்கும். எனக்கு அதில் கூட்டம் அதிகம், காப்ரியேலாவின் கை காணாமல் போகிறது. 2019-ன் 'மெட்டவொல்யூஷன்' அவர்களுக்கு கிராமி வாங்கிக் கொடுத்தது. அதில் பிங்க் ஃபிளாய்டின் 'எக்கோஸ்' கிட்டத்தட்ட பத்தொன்பது நிமிஷம் ஓடுகிறது. காட்பாடியில் ரயில் ஏறி உட்கார்ந்து போட்டால் அரக்கோணம் வருவதற்குள் நிதானமாகக் கேட்டுவிடலாம்.

ஆற்காட்டிலிருந்து: இந்த வெயிலில் கிட்டாரை எப்படிக் காப்பாத்துறது? போன மே மாசம் பிரிட்ஜ் தூக்கிக்கிச்சு.

நம்ம மாவட்டத்துக் கத்திரி 40 டிகிரியைத் தாண்டும். மூடிய காருக்குள் அதைவிட எத்தனையோ கூடும். அந்தச் சூட்டில் பசை இளகும், கம்பி இழுக்கும், பிரிட்ஜ் எழும்பும். காரில் வைத்துவிட்டு பிரியாணி சாப்பிடப் போகாதீர்கள், கிட்டாரையும் கடைக்குள் தூக்கிக்கொண்டு போங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் சுவரில் மாட்டாதீர்கள். மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் பிடிக்கும். வெயில் காலத்தில் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள், கூடவே ஈரத்துணியை ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் போட்டு வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் துணியை எடுத்துவிட்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். எழும்பிய பிரிட்ஜுக்கு ஃபெவிக்விக் ஊற்றாதீர்கள், ரிப்பேர்காரர் அதைச் சுரண்டி எடுப்பதற்கே தனிக் காசு கேட்பார்.

காந்தி நகரிலிருந்து: சார், அந்த வலது கையை எங்கே ஆரம்பிக்கிறது? ராத்திரிதான் நேரம், கீழ் வீட்டில் திட்டுறாங்க.

'தமாகுன்' டேப் (விரல் வைக்கும் இடம் எழுதிய தாள்) இறக்கி முதல் நாளே மல்லுக்கட்டாதீர்கள். ஒரே கார்டு, ஈ மைனர். விரல்கள் கீழே, கட்டைவிரல் கீழே, கட்டைவிரல் மேலே. இது ஒரு மூன்று. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 அடியில் வைத்து, ஒரு அடிக்கு இந்த மூன்றும் சமமாக விழ வேண்டும். அசைவு தோளிலிருந்து வரக்கூடாது. கதவுக் குமிழைத் திருப்புவது போல மணிக்கட்டு மட்டும் திரும்பணும். மூன்றும் ஒரே அளவில் கேட்டால்தான் 65. பெரும்பாலும் மூன்றாவது, அந்த மேலே வரும் கட்டைவிரல்தான் நோஞ்சானாக இருக்கும். அதை மட்டும் தனியாக வாருங்கள். இது ஓடிய பிறகு முதல் அடியில் பலகைத் தட்டைச் சேருங்கள். எங்காவது முன்கை இறுகினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், வலியோடு வேகம் ஏற்றியவன் மாசக்கணக்கில் கட்டுப்போட்டு உட்காருவான்.

கீழ் வீட்டுக்காக: பழைய கைக்குட்டையை மடித்து பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிக்கு அடியில் செருகுங்கள், கம்பிச் சத்தம் பாதியாகும். பலகையைத் தட்டும் பயிற்சிக்குத் தொடையில் தலையணை வைத்துக்கொண்டு அதில் அடிக்கலாம். பத்து மணிக்கு மேல் அதுவும் வேண்டாம்.