புக்கிட் பாரிசான்: சுமத்ராவின் எரிமலைத் தொடர் பற்றிச் சிங்கப்பூரர்களின் கேள்வி பதில்

கேள்வி (காலாங்): அண்ணா, சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம் என்றால் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் விளக்கு ஆடுகிறது. புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் அக்காவோ ஒன்றுமே தெரியவில்லை என்கிறார். எப்படி?

பதில்: அடியில் இருக்கும் நிலம் வேறு. காலாங் வட்டாரம் மென்மையான கடல் களிமண் மேல் இருக்கிறது. தூரத்திலிருந்து வரும் மெதுவான அலைகளை அது பெரிதாக்கும். உயரமான புளோக்குகள் கூடவே அசையும். அக்கா வீட்டுக்குக் கீழே கருங்கல் பாறை.

கேள்வி (தெம்பனிஸ்): அங்கே எரிமலை வெடிப்பதால்தான் இங்கே ஆடுகிறதா?

பதில்: இல்லை. பலரும் இதைக் குழப்பிக்கொள்வதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாரிசான் தொடர் சுமத்ராவின் மேற்குக் கரையை ஒட்டி ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் நீள்கிறது. அதற்கும் மேற்கே, கடலடி அகழியில், இந்தியப் பெருங்கடலின் அடித்தட்டு (கடல் தரையாக இருக்கும் பெரிய பாறைப் பலகை) சுமத்ராவுக்குக் கீழே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் இறங்குகிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் தட்டிலுள்ள நீர் வெளியேறி, மேலே உள்ள சூடான பாறை உருகும் வெப்பநிலையைக் குறைத்துவிடுகிறது. உருகிய குழம்பு மேலேறி எரிமலையாகிறது. அகழிக்கு இணையாக எரிமலைகள் வரிசைகட்டி நிற்பது அதனால்தான்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: அந்தத் தட்டு நேராக மோதவில்லை, சாய்வாக மோதுகிறது. அந்தப் பக்கவாட்டுத் தள்ளலால் மலைத்தொடர் நெடுகிலும் நிலம் பிளந்து நகர்கிறது. சிங்காராக் ஏரி அந்தப் பிளவால் உண்டான பள்ளம்தான். நாம் உணரும் அதிர்வுகள் அகழியிலிருந்தோ இந்தப் பிளவிலிருந்தோ வருபவை. 2004 சுனாமிக்குக் காரணம் அகழி.

கேள்வி (ஜூரோங்): பள்ளி விடுமுறைக்குத் தோபா ஏரிக்குப் போகிறோம். அதுவும் எரிமலையா?

பதில்: எரிமலை வெடித்து உள்ளே இடிந்த பள்ளம். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அதன் சாம்பல் மலேசியாவில் பேராக்கின் லெங்கோங்கிலும் ஆந்திராவின் ஜ்வாலாபுரத்திலும் இன்றும் மண்ணுக்குள் கிடக்கிறது. நடுவிலுள்ள சமோசிர் தீவை விட்டுவிடாதீர்கள். கீழிருந்து குழம்பு உந்தியதில் ஏரியின் தரையே மேலெழுந்து தீவானது.

கேள்வி (ஈசூன்): புக்கிட் தீமா பழைய எரிமலையா, சார்?

பதில்: இல்லை. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நிலத்தடியிலேயே குளிர்ந்து இறுகிய கருங்கல்.

கேள்வி (செங்காங்): நண்பர்களோடு கெரிஞ்சி மலை ஏறலாமா?

பதில்: 3,805 மீட்டர், இந்தோனேசியாவிலேயே உயரமான எரிமலை. ஆசை வருவது நியாயம்தான். ஆனால் 2023 டிசம்பரில் இதே தொடரின் மராப்பி திடீரென்று வெடித்து மலையேறிகள் 24 பேர் இறந்தார்கள். அப்போது அதன் எச்சரிக்கை, நான்கில் இரண்டாம் நிலைதான். புறப்படும் முன் நிலையைப் பாருங்கள். முதல் நிலைக்கு மேல் இருந்தால், வழிகாட்டியே கூப்பிட்டாலும் உச்சி விளிம்புக்குப் போக வேண்டாம்.