ஹார்ன் மௌனம்: கேள்வி – பதில்

கேள்வி: 1948-ல் வந்த, லயனல் நிறுவனத்தின் 2333 எஃப்3 டீசல் ரயில் எஞ்சின் பொம்மை நன்றாக ஓடுகிறது, ஹார்ன் மட்டும் ஒலிக்கவில்லை. எங்கே பார்ப்பது?

பதில்: முதலில் உள்ளே இருக்கும் 1.5 வோல்ட் டி சைஸ் பேட்டரியைப் பாருங்கள். ஹார்ன் ஒலிப்பது அதன் மின்சாரத்தில்தான். டிரான்ஸ்ஃபார்மர் லீவரை அழுத்தினால் தண்டவாளத்தில் ஓடும் ஏசியோடு (மாறுதிசை மின்சாரம்) கொஞ்சம் டிசி (ஒரே திசை மின்சாரம்) கலக்கும். எஞ்சினுக்குள் இருக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) அதை உணர்ந்து பேட்டரியை ஹார்னோடு இணைக்கும்.

பேட்டரி கசிந்து பூத்திருந்தால் அதைத் தொடும் தகடுகளை வினிகரால் துடைத்து, நன்கு காயவைத்து, மெல்லிய உப்புத்தாளால் பளபளக்கத் தேயுங்கள். பழுது பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்.

பிறகு புது பேட்டரியை இரண்டு ஒயரால் ஹார்னுக்கு நேரடியாகக் கொடுங்கள். ஒலிக்காவிட்டால் அதன் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பாருங்கள். ஒலித்தால், பேட்டரியை இடத்தில் போட்டு, ரிலேயின் அசையும் தகட்டைத் தீக்குச்சியால் அழுத்துங்கள். சத்தம் வராவிட்டால் கான்டாக்ட் (ரிலேயில் ஒன்றையொன்று தொடும் முனைகள்) அழுக்கு: வெள்ளைத்தாளை இடையில் வைத்து இழுங்கள், அரம் வேண்டவே வேண்டாம். கையால் அழுத்தினால் ஒலித்து, லீவருக்கு ஒலிக்காவிட்டால் ரிலேயின் கம்பிச்சுருள் (காயில்) அறுந்திருக்கும், அல்லது டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் தட்டு செத்திருக்கும்.

ஹார்ன் நிற்காமல் அலறினால், உறை உதிர்ந்த ஒயர் உடற்பகுதியில் படுகிறதா, கான்டாக்ட் ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். உதிரும் ஒயரை 22 கேஜ் தடிமனுள்ள மல்டிஸ்ட்ராண்ட் (பல இழை) ஒயராக மாற்றுங்கள். ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.