கொக்கி இல்லாத தங்க பிரேஸ்லெட் தானாகத் தளர்கிறதா?

இறுக்கவும் தளர்த்தவும் நகர்த்துகிற குண்டுக்குள் இருக்கும் ரப்பரை மாற்றுங்கள், செயினை வெட்டிச் சின்னதாக்க வேண்டாம். காலையில் இழுத்து டைட் செய்தது தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனை போய் இறங்குவதற்குள் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது என்கிறீர்கள், அப்படியென்றால் பெரும்பாலும் காரணம் அதுதான்: நகரும் குண்டுக்குள் சின்னதாக ஒரு சிலிக்கோன் ரப்பர் இருக்கும், இரண்டு செயினையும் கவ்விப் பிடிப்பது அது ஒன்றுதான், எண்ணெயும் லோஷனும் வியர்வையும் பட்டுப் பட்டு வழுக்கும், நாளடைவில் தேய்ந்தும் போகும்.

கடைக்குப் போகும் முன், வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, குண்டுக்கு வெளியே தொங்கும் வால் நுனி இரண்டையும் பிடித்துத் தொங்கவிட்டு உதறிப் பாருங்கள். குண்டு நின்றால் வெறும் அழுக்குதான். சர்ரென்று இறங்கினால் ரப்பர் போய்விட்டது.

சவுகார்பேட்டைப் பக்கம் பட்டறையில் கொடுப்பதாக இருந்தால் கண்ணெதிரே எடை போட்டுக் கொடுங்கள். வால் நுனியில் இருக்கும் மணி பற்றவைத்ததாக இருந்தால் அதைப் பிரித்துத்தான் புது ரப்பர் போட வேண்டிவரும், திரும்பப் பற்றவைக்கும்போது சூடு பட்டால் அதுவும் கருகிவிடும், அதனால் எப்படிச் செய்வார்கள் என்று முன்னாடியே கேட்டு வையுங்கள்.

அப்புறம், போடும்போது இரண்டு வாலையும் சேர்த்து இழுங்கள், ஒன்றை மட்டும் இழுத்தால் குண்டு கோணிக்கொள்ளும். ஒரு விரல் நுழைகிற இடம் போதும். கூட்டத்தில் பஸ் கம்பியைப் பிடிக்கிற கைக்கு இந்த மாடலே எனக்குச் சரிப்படாது, புது ரப்பர் போட்டாலும் அப்படி பஸ்ஸில் போகிற அன்றைக்கு மட்டும் கழற்றி வைப்பது நல்லது.