முட்டி ஆபரேஷன்: பட்டியலில் எதை வாங்க, எதை விட?

கேள்வி: என் மகன் கல்லூரி வாலிபால் அணியில் ஆடுகிறான். குதித்து இறங்கும்போது முட்டி திரும்பி, உள்ளே எலும்புகளைப் பிடித்திருக்கும் ஏசிஎல் லிகமெண்ட் கிழிந்துவிட்டது. அடுத்த வாரம் கோவையில் ஆபரேஷன். மருத்துவமனைக்குள் இருக்கும் கடையில் முட்டியைப் பிடித்து நிறுத்தும் கீல் வைத்த பிரேஸ், கிரச்சஸ் எனும் ஊன்றுகட்டை, ஐஸ் தண்ணீர் சுற்றும் மிஷின், காலைத் தானாக மடக்கி நீட்டும் சிபிஎம் மிஷின் என்று ஒரு பட்டியல் கொடுத்து, "இங்கேயே வாங்கிடுங்க" என்கிறார்கள். எங்கள் வீடு ரோட்டிலிருந்து படிக்கட்டில் இறங்கிப் போகும் வீடு. எதை வாங்குவது, எதை விடுவது?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: அந்தப் பட்டியலை எழுதியது யார் என்று முதலில் பாருங்கள். டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தரும் சீட்டு வேறு, கடைக்காரர் நீட்டும் தாள் வேறு. இரண்டையும் அருகருகே வைத்தாலே பாதிப் பொருள் உதிர்ந்துவிடும். டாக்டரே எழுதியதைக்கூட அந்தக் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. மருந்தை எங்கே வாங்குவது, பரிசோதனையை எங்கே செய்வது என்பது நோயாளியின் விருப்பம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நோயாளி உரிமைச் சாசனம் சொல்கிறது.

சிபிஎம் மிஷினைத் தள்ளி வையுங்கள். ஏசிஎல் ஆபரேஷனுக்குப் பிறகு வழக்கமாக அது தேவைப்படுவதில்லை. குருத்தெலும்பையும் சேர்த்துச் சரிசெய்திருந்தால் சில டாக்டர்கள் கேட்பதுண்டு. அப்படி எழுதினால், "இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். வாடகை குறைவாகத் தெரியலாம். மேட்டுப்பாளையம் வழியாக மலையேற்றி, உங்கள் படிகளில் தூக்கி இறக்கி, மறுபடி கோவைக்கு அனுப்பும் வண்டிக்கூலியை யார் தருவது? வாடகைத் தாளில் அது இருக்காது.

ஐஸ் மிஷினும் வேண்டாம். ஜெல் ஐஸ் பேக் இரண்டு வாங்கி, ஒன்று ஃப்ரீசரில் இருக்கும்போது மற்றதை வையுங்கள். மெல்லிய துணி சுற்றி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம். "கோத்தகிரிக் குளிருக்கு ஐஸ் வேறயா?" என்று பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள். வெளிக்குளிர் வீக்கத்தை இறக்காது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

பிரேஸ் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஆபரேஷனில் லிகமெண்ட் மட்டும் என்றால் ஒரு கணக்கு, முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸையும் தைத்திருந்தால் வேறு கணக்கு. தைத்திருந்தால் சில வாரங்களுக்கு முட்டி எவ்வளவு மடங்கலாம் என்று டயலில் பூட்டி வைப்பார்கள். அப்போது டயல் உள்ள பிரேஸ் வாங்கித்தான் ஆக வேண்டும். லிகமெண்ட் மட்டும் என்றால் சில டாக்டர்கள் பிரேஸே போடுவதில்லை. எதுவாக இருந்தாலும் அளவை ஆபரேஷனுக்குப் பிறகு, கட்டும் வீக்கமும் இருக்கும் காலில் எடுக்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே வாங்கியது இறுக்கமாகி மூலையில் கிடந்தால் உங்களுக்குத்தான் நஷ்டம். "திரும்ப விளையாடும்போது போட" என்று விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் பிரேஸ் ஒன்றையும் காட்டுவார்கள். லிகமெண்ட் மட்டும் மாற்றியவர்களுக்கு அதனால் தனிப் பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

கவனமெல்லாம் கிரச்சஸில் இருக்கட்டும். ஒரு ஜோடி ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும், ஆனால் உங்கள் வீட்டுப் படிக்கட்டில் பையனின் பாதுகாப்பு அதை நம்பித்தான் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும்போது அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில் இருந்தால் முழங்கை லேசாக மடங்கும். உடல் பாரம் கையில்தான் இறங்க வேண்டும்; அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். அப்புறம் அடியில் உள்ள ரப்பர் புஷ். திருப்பிப் பாருங்கள்: வரிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தால், மழையில் பாசி பிடித்த கல்படியில் அது நிற்காது. உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையும் வெளுத்து வாங்கும் என்பதால் கூடுதலாக ஒரு ஜோடி புஷ் வாங்கி வையுங்கள். இரவல் கிடைத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம், ஊரில் யாராவது வீட்டுப் பரணில் ஒரு ஜோடி தூங்கிக்கொண்டிருக்கும். புஷ்ஷை மட்டும் மாற்றி, உயரம் மாற்றும் பொத்தான்கள் 'டக்' என்று வெளியே வந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது கட்டையும் ஆபரேஷன் காலும் முன்னே. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் மருத்துவமனைப் படியிலேயே பிசியோதெரபிஸ்ட் முன்னால் ஏறி இறங்கிக் காட்டச் சொல்லுங்கள். குளிக்கும் இடத்துக்கு வழுக்காத விரிப்பும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் கமோடு நாற்காலியும் வேண்டும்.

மிச்சமாகும் பணம் பிசியோதெரபிக்குப் போகட்டும். ஒவ்வொரு தடவையும் கோவைக்கு இறங்கி ஏற முடியாது. எந்த வாரம் என்ன பயிற்சி, எவ்வளவு மடக்கலாம், எவ்வளவு பாரம் போடலாம் என்று எழுதிய தாளை வாங்கி வந்தால் கோத்தகிரியிலோ ஊட்டியிலோ உள்ள பிசியோதெரபிஸ்ட் அதை வைத்துத் தொடரலாம். வீட்டில் ஒன்று கவனியுங்கள்: படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. இதமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டி முழுதாக நீளாமல் போய்விடும். வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள், ரத்தம் உறைந்திருக்கலாம். இரண்டு மூன்று மாதத்தில் வலி போய், பையன் பந்தைத் தேடுவான். புதிதாக வைத்த தசைநார் அந்தக் காலத்தில்தான் பலவீனமாக இருக்கும். மைதானத்துக்குக் குறைந்தது ஒன்பது மாதம் ஆகும். அதுவும் தொடைப் பலத்தைச் சோதித்த பிறகு.

கேள்வி: முட்டிக்கு டயல் பிரேஸ் ஆன்லைனில் ஆர்டர் செய்தேன். வந்தது வெறும் துணி உறை. திருப்பி எடுக்கச் சொன்னால், "உங்கள் பின்கோடுக்குப் பிக்கப் கிடையாது, உடம்பில் அணியும் பொருளுக்குப் பணமும் திரும்பாது" என்கிறார்கள்.
– வாசகர், குன்னூர்

பதில்: அளவைத் தப்பாகச் சொல்லி நீங்களே வாங்கியிருந்தால் அவர்கள் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருக்கும். இது அப்படியில்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. பின்கோடுக்கு விதிவிலக்கு எதுவும் இல்லை. மலைக்குக் கொண்டுவந்து கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு எடுத்துப்போக மட்டும் வழி தெரியவில்லையாம்!

விளம்பரப் பக்கம், பெட்டி லேபிள், வந்த பொருள் மூன்றையும் படம் எடுத்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வந்த உறையை மட்டும் அணிந்து பார்த்து அழுக்காக்கிவிடாதீர்கள்.

கேள்வி: ஆபரேஷன் செலவை இன்சூரன்ஸ் கொடுத்துவிட்டது. பிரேஸ், ஊன்றுகோல், ஐஸ் பேக் பணத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். சரியா?
– கூடலூர் வாசகர்

பதில்: பெரும்பாலான பாலிசிகளில் சரிதான். இவை மூன்றும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த, பாலிசி பணம் தந்தாக வேண்டும் என்றில்லாத 'விருப்பப் பொருட்கள்' பட்டியலில் வருகின்றன. இவற்றுக்கெனக் கூடுதல் பிரீமியம் கட்டி ரைடர் எனும் இணைப்புக் காப்பீடு எடுத்திருந்தால் கேட்கலாம். பிசியோதெரபி ரசீதுகளை விட்டுவிடாதீர்கள். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு என்று பாலிசியில் 60 நாளோ 90 நாளோ போட்டிருக்கும். டாக்டர் எழுதிய சீட்டையும் ஒவ்வொரு நாள் ரசீதையும் சேர்த்து அந்தக் கெடுவுக்குள் அனுப்பினால், பாலிசி அனுமதிக்கும் தொகை வரும்.