பார் சண்டையும் நான்கு ஆட்டங்களும்

அன்புள்ள சார்,

ஹூஸ்டனில் வேலை பார்க்கிறேன். என் சக ஊழியர் எல்.எஸ்.யூ.வில், அதாவது லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், அமெரிக்க ஃபுட்பால் வெறியர். 2011-ல் அந்த அணி வீரர்கள் பார் சண்டையில் கைதானது பற்றிப் பேச்சு வந்தது. "சின்னப் பையன்கள், இதற்கெல்லாம் வழக்கா?" என்றார். தீர்ப்பு வருவதற்கு முன்பே சஸ்பெண்ட் செய்தது நியாயமா, பிறகு திரும்பச் சேர்த்தது நியாயமா என்று எனக்கும் குழப்பம். உங்கள் கருத்து என்ன?

ராம்

அன்புள்ள ராம்,

சஸ்பெண்ட் செய்தது சரி. திரும்பச் சேர்த்த விதம்தான் எனக்கு ஒப்பவில்லை.

ஆகஸ்ட் 19, 2011 அதிகாலை, அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் பேட்டன் ரூஜ் நகரில் ஷேடிஸ் என்ற பார் வாசலில் அடிதடி. நான்கு பேருக்குக் காயம், ஒருவருக்கு முதுகெலும்பில் முறிவு. அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற முக்கிய வீரர், ஜோர்டன் ஜெஃபர்சனும் இன்னொரு வீரரும் கைதானார்கள். சாட்டப்பட்டது 'ஃபெலனி', சிறைக்கே அனுப்பக்கூடிய பெரிய குற்றம். உதைத்த ஷூ எது என்று கண்டுபிடிக்க ஜெஃபர்சன் வீட்டிலிருந்து 49 ஜோடி ஷூக்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது, அடிபட்டவர்களை விட்டுவிட்டு எல்லோரும் ஷூ கணக்கைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 28 அன்று கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு, ஜெஃபர்சன் மீதான குற்றச்சாட்டைச் சாதாரணத் தாக்குதலாகக் குறைத்தது. இன்னொருவர் மீது குற்றமே சாட்டவில்லை. அன்றைக்கே இருவரும் அணிக்குள் வந்துவிட்டார்கள். ஜெஃபர்சன் இழந்தது நான்கு ஆட்டங்கள், அவ்வளவுதான். கிராண்ட் ஜூரி அவர் அடிக்கவில்லை என்று சொல்லவில்லை, சின்னக் குற்றத்துக்கு வழக்கு நடத்தினால் போதும் என்றது. அந்த இரவில் நடந்தது அதேதான், மாறியது குற்றத்தின் பெயர் மட்டும். அணியில் ஆடுவது ஒன்றும் அடிப்படை உரிமை இல்லை; ஜெயிலுக்கு அனுப்பத்தான் தீர்ப்பு வேண்டும், பெஞ்சில் உட்கார வைக்கத் தீர்ப்பு தேவையில்லை. ஆனால் உட்கார வைத்தவர்கள் தாங்களாக விசாரித்து ஒரு முடிவுக்கு வர வேண்டாமா? அதை நீதிமன்றத்தின் தலையில் கட்டிவிட்டு அது கொடுத்த முதல் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஆளை மைதானத்தில் இறக்குவது எனக்குச் சாமர்த்தியமாகத்தான் படுகிறது.

உங்கள் நண்பரின் 'சின்னப் பையன்' வாதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதே பாரில் கோப்பை கழுவுகிற இருபது வயதுக்காரன் ஒருவன் உதைத்திருந்தால் அவனைச் சின்னப் பையன் என்று யாரும் கொஞ்சியிருக்க மாட்டார்கள். ஒன்று தெரியுமா, பதின்மூன்று ஆட்டங்களிலும் தோற்காமல் ஜெயித்துக்கொண்டே வந்த அந்த அணி ஜனவரி 2012 இறுதியாட்டத்தில் அலபாமாவிடம் 21-0 என்று தோற்றது, ஜெஃபர்சனை ஏன் மாற்றவில்லை என்று ரசிகர்கள் கொதித்தார்கள். பார் சண்டைக்காக அப்படி யாரும் கொதித்ததாக எனக்கு நினைவில்லை.

இதைவிட மோசம் 2013-ல் நடந்தது. அதே அணியின் ஜெரமி ஹில், ஏற்கெனவே வேறொரு வழக்கில் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர், ஒரு பாருக்கு வெளியே ஒருவரைக் குத்தினார், வீடியோவும் இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆகஸ்டில் நீதிபதி சிறைக்கு அனுப்பவில்லை. அப்புறம் பயிற்சியாளர் லெஸ் மைல்ஸ் என்ன செய்தார்? சக வீரர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தினார்! தங்கள் அணியின் முக்கியமான ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுகிற வீரர்) வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் பையன்கள் என்ன சொல்வார்கள்? வேண்டும் என்றார்கள். குத்து வாங்கியவருக்கு அதில் ஓட்டு கிடையாது. ஹில் அந்த சீசன் ஆடினார், அடுத்த ஆண்டே என்.எஃப்.எல். டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், இரண்டாம் சுற்றில் சின்சினாட்டி அணி எடுத்துக்கொண்டது.