பாம்புக் குட்டியில் பங்கு கேட்டு நோட்டீஸ் அனுப்பலாமா?

கேள்வி: 2021-இல் ‘பால் பைதான்’ (ball python) என்ற மலைப்பாம்பு வகையில் ஓர் ஆணை வாங்கினேன். பார்வைக்குச் சாதாரண நிறம்தான். ஆனால் பைபால்ட் மரபணுவை உள்ளே சுமக்கும் ‘ஹெட்’. பதிவெல்லாம் தாமே முடித்துவிட்டதாக விற்றவர் சொன்னார். நண்பரிடம் வெள்ளைத் திட்டுகள் உள்ள பைபால்ட் பெண் பாம்பு இருந்தது. குட்டிகள் ஆளுக்குப் பாதி என்று இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக்கொண்டு இணை சேர்த்தோம். ஆறு முட்டைகளும் பொரிந்தன. மூன்று பைபால்ட், மூன்று சாதாரணம். வெள்ளைக் குட்டிகளை அவர் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் என்னிடம் தள்ளிவிட்டார். இரண்டு மாதம் இன்குபேட்டர் பக்கத்திலேயே படுத்திருந்தேன். கூடப்பிறந்த அண்ணனைப் போல நினைத்தவர் செய்த துரோகம் இது. நோட்டீஸ் அனுப்பட்டுமா, காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுக்கட்டுமா? – கோவை வாசகர்.

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள். உங்கள் நண்பர் செய்தது நியாயமா என்ற கேள்விக்கு இந்த விஷயத்தில் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. தாய்ப் பாம்பும் தகப்பன் பாம்பும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையத்தளத்தில் யார் பெயரில் பதிவாகியிருக்கின்றன, ஆறு குட்டிகளின் பிறப்பு தெரிவிக்கப்பட்டதா என்பதே எந்த அதிகாரியும் எந்த நீதிமன்றமும் முதலில் கேட்கப்போகும் கேள்வி. அதைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது, விற்றவர் சொன்ன ஒரு வார்த்தை மட்டுமே.

பால் பைதான் மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, அந்தப் பட்டியல் இந்தியச் சட்டத்தின் நான்காவது அட்டவணையாகவே ஆகிவிட்டது. 49-எம் பிரிவின்படி உடைமை, கைமாற்றம், பிறப்பு மூன்றையும் தெரிவித்தாக வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு 2024 பிப்ரவரி விதிகள் கொடுத்த ஆறு மாத அவகாசம் அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. விற்றவர் தம் பெயரில் செய்த பதிவு உங்களைக் காப்பாற்றாது. பாம்பு உங்கள் கைக்கு வந்த விவரமும் ஏட்டில் ஏறியிருக்க வேண்டும்.

பதிவு இல்லையென்றால், சட்டம் தடுக்கும் நோக்கத்துக்காக எழுதப்பட்டது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவைக் காட்டி உங்கள் பத்திரத்தை எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே தாக்கும். அதையாவது வாதாடிப் பார்க்கலாம். என்னை அதிகம் கவலைப்பட வைப்பது நோட்டீஸ்தான்.

சென்ற ஆண்டு ஒருவர் என்னிடம் வந்தபோது, வேறொரு வழக்கறிஞர் மூலம் அவர் அனுப்பியிருந்த நோட்டீஸின் நகலையும் கொண்டுவந்தார். அதன் மூன்றாவது பத்தி, ‘எமது கட்சிக்காரர் தமது வீட்டு மாடியறையில் பராமரித்து வரும் நான்கு பாம்புகளில்’ என்று தொடங்கியது. எதிர்த்தரப்பு பதில் நோட்டீஸ் அனுப்பவில்லை. அந்தத் தாளை வனச்சரக அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது. பங்கு கேட்டவரே உடைமையை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். சோதனைக்கு வந்த அதிகாரிகளிடம் ஒளிக்க ஒன்றுமில்லை என்று நினைத்து, யாரிடம் வாங்கினார், யாருக்குக் குட்டி கொடுத்தார் என்று ஒரு மணி நேரம் பேசினார். போலீசாரிடம் கொடுக்கும் ஒப்புதலைப் போல இதுவும் செல்லாது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி குற்றம் சாட்டப்பட்டவரை எதிரில் வைத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி பதிவு செய்யும் சாட்சியம் விசாரணையில் ஏற்கப்படும். உங்கள் மோசடிப் புகாரும் உங்கள் கையெழுத்தோடு அதே வேலையைத்தான் செய்யும்.

இரண்டாவது குழி, பின்தேதியிட்ட பில். 2020 தேதி போட்ட ஒரு ரசீதில் இருந்த ஜி.எஸ்.டி. எண் 2022-இல்தான் வழங்கப்பட்டிருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அபராதத்தோடு முடிந்திருக்கக்கூடிய விஷயம் அத்துடன் போலி ஆவண வழக்கு ஆனது. இன்னொருவர், கடத்தி வந்த குட்டிகளைத் தம் வீட்டில் பிறந்தவை என்று கணக்குக் காட்டினார். பதிவில் இருந்த பெற்றோர் இரண்டும் ஒரே வகை அல்பினோ, அதாவது கருநிறமி இல்லாதவை. அவற்றுக்குப் பிறப்பவை அத்தனையும் அல்பினோவாகத்தான் இருக்கும். அவர் காட்டிய குட்டிகளோ நல்ல பழுப்பு நிறம். மரபணு தெரிந்த ஓர் அலுவலர் ஒரே பார்வையில் பிடித்துவிட்டார்.

உங்களிடமோ நண்பரிடமோ பர்மீஸ் மலைப்பாம்பின் அல்பினோ வகை இருக்கிறதா என்பதையும் எனக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். மஞ்சளும் வெள்ளையுமாக இருப்பதால் அதை வெளிநாட்டுச் செல்லப்பிராணி என்று நினைத்துவிடுகிறார்கள். நிறம் மாறினாலும் இனம் மாறாது. நம் வடகிழக்கில் இயற்கையாக வாழும் அந்தப் பாம்பு அதே சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ளது. அங்கே குறைந்தபட்சத் தண்டனை மூன்று ஆண்டு சிறை. சமரசக் கட்டணம் செலுத்தி வெளியே வரும் வழி கிடையாது.

பால் பைதானைப் பதியாமல் வைத்திருந்ததோடு விஷயம் நின்றால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பது உச்சவரம்பு. குறைந்தபட்சத் தண்டனை இல்லாததால் 54-ஆவது பிரிவில் சமரசத்துக்கு இடமுண்டு. அந்தக் கட்டணம் ஐந்து லட்சம் வரை போகலாம். அதை ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம், உங்கள் உரிமை அல்ல. கட்டணம் செலுத்தினாலும் அரசு உடைமையாகிவிட்ட பாம்புகள் திரும்பி வரமாட்டா.

ஆகவே நண்பரோடு சமாதானமாகப் போய்விடுங்கள். இரண்டு பெற்றோரும் முறையாகப் பதிவாகியிருந்தால், பிறப்பு விவரத்தைத் தாய்ப் பாம்பு யார் பெயரில் உள்ளதோ அவர் தெரிவித்து, பிறகு உங்கள் பங்கைப் பதிவு எண்ணுடன் கைமாற்றித் தரட்டும். ஒரு பைபால்ட் குட்டி கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்று பதிவாகாமல் இருந்தாலும் பங்கை மறந்துவிடுங்கள், குட்டிக்கு ஈடாகப் பணமும் வாங்காதீர்கள். அந்தப் பணம் விற்பனைக்கு அத்தாட்சியாகிவிடும். தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு வழக்கறிஞரோடு நீங்களாகவே போவதற்கும் அவர்கள் உங்களைத் தேடி வருவதற்கும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதுவரை பாம்புகளை வேறு வீட்டுக்கு மாற்றாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், பயந்துபோய்க் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். நண்பரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம். அவருடைய கைபேசியிலும் அது இருக்கிறது.