இரவு டியூட்டி, ஒரு வகுப்பு பாக்கி

சகோதரி, இரவு டியூட்டியால் ஒரு புத்தாக்கப் பயிற்சிக்குத்தான் போக முடிந்தது, பார்மசிஸ்ட் பதிவைப் புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள். 2015 பார்மசி நடைமுறை விதிகள் கேட்பது 5 ஆண்டுகளில் 2 பயிற்சிதான், ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு நாள். இன்னும் ஒரு நாள் லீவு கிடைத்தால் போதும். மாநில பார்மசி கவுன்சில் அந்த வகுப்பை ஏற்குமா என்று மட்டும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், தலைப்பைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் இன்சுலின் வகுப்புக்குப் போங்கள். யு-40 (ஒரு மில்லியில் 40 யூனிட்) குப்பி மருந்தை, மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கான ஆரஞ்சு மூடி போட்ட யு-100 சிரிஞ்சில் 40 கோடு வரை இழுத்தால், நோயாளிக்குப் போவது 16 யூனிட்தான். அதைக் கேட்ட மறுநாளிலிருந்து எங்கள் கவுன்ட்டரில் யு-40 குப்பியோடு அதற்கான சிவப்பு மூடி சிரிஞ்சையும் சேர்த்தே கொடுக்கிறோம். சான்றிதழ் கைக்கு வந்ததும் போனில் படமெடுத்து வையுங்கள்.